மல்டிஸ்லைஸ் சி.டி. ஸ்கேன்: பலன்களை முழுமையாகப் பெறுவதும் பிம்பப் பிழைகளை இனங்காண்பதும்

ஒரே சுழற்சியில் பல குறுக்குவெட்டுப் படங்களை (ஸ்லைஸ்களை) எடுக்கும் மல்டிஸ்லைஸ் சி.டி. கருவியின் சிறப்புகள் எந்த அமைப்பிலிருந்து பிறக்கின்றனவோ, அதன் படங்களில் தோன்றும் பிழைகளில் பலவும் அதே அமைப்பிலிருந்துதான் பிறக்கின்றன. எக்ஸ் கதிரைப் பதிவுசெய்யும் டிடெக்டர் வரிசைகள் கூடியதால் வேகம் வந்தது. அந்த வரிசைகள் அகலமாகப் பரவியதால் எக்ஸ் கதிர்க் கற்றை கூம்பு வடிவம் பெற்று, அதற்கே உரிய பிழைகளையும் உடன் கொண்டுவந்தது. மேசை நகர்ந்துகொண்டிருக்கும்போதே படம் எடுப்பதால் நோயாளி மூச்சடக்க வேண்டிய நேரம் குறைந்தது. அந்த நகர்வே சில கீற்றுகளுக்கும் காரணமாயிற்று. ஆகவே பலன்களைத் தனியாகவும் பிழைகளைத் தனியாகவும் மனப்பாடம் செய்வதைவிட, கன்சோலில் (கருவியை இயக்கும் கணினியில்) நாம் மாற்றும் ஒவ்வோர் அளவும் எதைக் கொடுத்து எதை எடுத்துக்கொள்கிறது என்று புரிந்துகொள்வதே பயன் தரும். சி.டி. அறையில் பணிபுரியும் ரேடியோகிராபர்களுக்கும், படங்களைப் படிக்கத் தொடங்கியிருக்கும் கதிரியக்கவியல் மாணவர்களுக்கும் அந்த நோக்கிலேயே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுக்கப்பட்டபோது, ஒவ்வொரு சுற்றுக்கும் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. படமோ 80 × 80 கட்டங்களால் ஆனது. 1980களின் இறுதியில் ஸ்லிப் ரிங் தொழில்நுட்பம் (கம்பி முறுக்கிக்கொள்ளாமல் வளையங்கள் வழியே மின்சாரம் தரும் ஏற்பாடு) வந்த பிறகே எக்ஸ் கதிர்க் குழாய் இடைவிடாமல் சுழலவும், மேசை நகர நகரப் படம் எடுக்கும் ஹெலிக்கல் முறை பிறக்கவும் வழி ஏற்பட்டது. 1998இல் நான்கு ஸ்லைஸ் கருவிகளும், 2004 வாக்கில் 64 ஸ்லைஸ் கருவிகளும், 2007இல் ஒரே சுழற்சியில் 16 செ.மீ. நீளத்தைப் படம்பிடிக்கும் 320 வரிசைக் கருவியும் வந்தன. இந்த வளர்ச்சியின் ஒவ்வொரு படியிலும் பழைய பிழைகளில் சில மறைந்தன, புதியவை சில முளைத்தன.

முதலில் புரிந்துகொள்ள வேண்டிய மூன்று அளவுகள்

கொலிமேஷன் என்பது ஒரு சுழற்சியில் எக்ஸ் கதிர்க் கற்றை நோயாளியின் நீளவாக்கில் மூடும் அகலம். 0.625 மி.மீ. அகலமுள்ள 64 வரிசைகள் இயங்கினால் அது 40 மி.மீ. ஆகும். பிட்ச் என்பது ஒரு சுழற்சியில் மேசை நகரும் தொலைவை இந்த மொத்த அகலத்தால் வகுத்துக் கிடைப்பது. மேசை 40 மி.மீ. நகர்ந்தால் பிட்ச் 1, 56 மி.மீ. நகர்ந்தால் 1.4. மூன்றாவது, சுழற்சி நேரம். இந்த மூன்றும் சேர்ந்துதான் ஸ்கேனின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். 32 செ.மீ. நீளமுள்ள மார்பை, 5 மி.மீ. கற்றையும் ஒரு விநாடிச் சுழற்சியும் கொண்ட பழைய ஒற்றை ஸ்லைஸ் ஹெலிக்கல் கருவியில் பிட்ச் 1 வைத்து எடுத்தால் 64 விநாடிகள் ஆகும். மூச்சுத்திணறலோடு வந்திருப்பவர் எவரும் அவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியாது. அதே மார்பை 40 மி.மீ. கற்றையும் அரை விநாடிச் சுழற்சியும் கொண்ட கருவியில் அதே பிட்ச்சில் எடுத்தால் 4 விநாடிகள் போதும். அதோடு கிடைக்கும் ஸ்லைஸ் 5 மி.மீ. அல்ல, 0.625 மி.மீ. வேகமும் நுண்மையும் ஒருசேரக் கிடைத்ததுதான் மல்டிஸ்லைஸ் கருவியின் உண்மையான சாதனை. அதற்கு முன்பு இரண்டில் ஒன்றைக் கைவிட்டே தீர வேண்டியிருந்தது.

பலன்களைக் கைநழுவ விடாமல் பெறுவது எப்படி

மெல்லியதாக எடுங்கள், தடிப்பாகப் படியுங்கள். இது எளிய விதியாகத் தோன்றினாலும் நடைமுறையில் அடிக்கடி மீறப்படுகிறது. 0.6 மி.மீ. அளவில் தரவைச் சேகரித்துவிட்டால், அதிலிருந்து வழக்கமான வாசிப்புக்கு 3 அல்லது 5 மி.மீ. படங்களையும், எலும்புக்கும் நுரையீரலுக்கும் கூர்மையான கெர்னலில் (படத்தின் கூர்மையைத் தீர்மானிக்கும் கணக்கீட்டு வடிகட்டியில்) 1 மி.மீ. படங்களையும், முப்பரிமாணக் காட்சிகளையும் நோயாளிக்கு மறுபடி கதிர்வீச்சு கொடுக்காமலே உருவாக்கலாம். மாறாக, தொடக்கத்திலேயே அகலமான டிடெக்டர் அமைப்பில் 5 மி.மீ. தரவு மட்டும் சேகரித்திருந்தால், பின்னர் எந்த மென்பொருளாலும் அதிலிருந்து 1 மி.மீ. படத்தைப் பெற முடியாது.

மெல்லிய படங்களையே நேரடியாகப் படித்தால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். ஸ்லைஸின் தடிமன் 5 மி.மீ.யிலிருந்து 0.625 மி.மீ.க்குக் குறையும்போது ஒவ்வொரு படத்துக்கும் பங்களிக்கும் ஃபோட்டான்கள் (கதிரின் துகள்கள்) எட்டில் ஒரு பங்காகின்றன. படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சல் 8இன் வர்க்கமூலமான ஏறத்தாழ 2.8 மடங்கு கூடுகிறது. கல்லீரலில் சுற்றுத் திசுவைவிடச் சற்றே கருமையாகத் தெரியும் சிறு கட்டி அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். அதைத் தவிர்ப்பதற்காகக் கதிர்வீச்சை எட்டு மடங்கு கூட்டுவது ஏற்கத்தக்கதே அல்ல. எனவே மென்திசுக்களுக்குத் தடித்த படம், விளிம்புகளுக்கும் நுண்ணிய எலும்புகளுக்கும் மெல்லிய படம் என்று பிரித்துக்கொள்வதே சரி.

வாக்ஸலின் (படத்தைக் கட்டமைக்கும் முப்பரிமாணக் கட்டத்தின்) மூன்று பக்கங்களும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால், எந்தத் தளத்தில் வெட்டிப் பார்த்தாலும் படத்தின் தரம் குறையாது. முதுகெலும்பு முறிவை நெடுக்குவாட்டுத் தளத்திலும், சிறுநீர்க்குழாய்க் கல்லை முன்தளத்திலும், வளைந்து செல்லும் இதயத் தமனியை அதன் போக்கிலேயே விரித்தும் பார்ப்பதற்கு இதுவே அடிப்படை. இந்தப் பலனை முழுமையாகப் பெற ஸ்லைஸ்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியுமாறு மறுகட்டமைக்க (சேகரித்த தரவிலிருந்து படமாக்க) வேண்டும். 1 மி.மீ. ஸ்லைஸ் என்றால் 0.7 அல்லது 0.8 மி.மீ. இடைவெளியில் மறுகட்டமைப்பது நல்ல தொடக்கம். இதனால் நோயாளிக்குக் கூடுதல் கதிர்வீச்சு இல்லை. சேமிப்பகத்தில் சிறிது கூடுதல் இடம் மட்டுமே செலவாகும்.

ரத்தக்குழாய்களையும் உறுப்புகளையும் பளிச்செனக் காட்ட ஊசியில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தைப் பொறுத்தவரை வேகம் ஒரே நேரத்தில் வரமும் சோதனையுமாகும். குறைந்த அளவு மருந்தில் தமனிக் கட்டம், சிரைக் கட்டம் என்று தெளிவாகப் பிரித்து எடுக்க முடிவது வரம். ஸ்கேனே நான்கைந்து விநாடிகளில் முடிந்துவிடுவதால், தொடக்க நேரம் சற்றுப் பிசகினாலும் மருந்து வருவதற்கு முன்பே படம் முடிந்துபோவது சோதனை. ஆகவே எல்லோருக்கும் ஒரே தாமத நேரம் என்ற பழைய பழக்கத்தை விட்டுவிட்டு, பெருநாடியில் ஒரு வட்டத்தைக் குறித்து அங்கே அடர்த்தி 100 முதல் 150 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகை (சி.டி. படத்தில் அடர்த்தியை அளக்கும் அலகு) எட்டியதும் ஸ்கேன் தொடங்கும் முறையைப் பின்பற்றுவதே பாதுகாப்பானது. இதயம் பலவீனமாக இயங்குபவர்களுக்கு மருந்து வந்துசேர வெகுநேரம் ஆகும் என்பதால், அவர்களிடம் இது இன்னும் அவசியம். ரத்தக்குழாய்ப் படங்களுக்கு குழாயின் மின்னழுத்தத்தை 120க்குப் பதில் 100 கே.வி. (கிலோவோல்ட்) அல்லது அதற்கும் குறைவாக வைத்தால் அயோடின் மேலும் பளிச்செனத் தெரியும். ஒல்லியான உடல்வாகு கொண்டவர்களுக்கு மருந்தையும் கதிர்வீச்சையும் ஒருங்கே குறைக்க அது வழி தரும்.

ஹெலிக்கல் முறையில் இருமுனைகளிலும் படத்துக்குத் தேவையான நீளத்தைத் தாண்டிச் சற்றுக் கூடுதலாகக் கதிர்வீச்சு விழுகிறது. கற்றை அகலமாக ஆக, பிட்ச் கூடக் கூட, இந்த உபரியும் கூடும். முனைகளில் தானாக மூடும் கொலிமேட்டர் உள்ள கருவிகளில் இது பெருமளவு குறையும் என்றாலும், குழந்தையின் தலை போன்ற குறுகிய பகுதிகளுக்கு மிக அகன்ற ஹெலிக்கல் கற்றையைத் தேர்ந்தெடுக்கும் முன் யோசிப்பது நல்லது. ஸ்கேன் எளிதாகிவிட்டது என்பதற்காக நீளத்தையும் கட்டங்களின் எண்ணிக்கையையும் தேவையின்றிக் கூட்டுவதே நடைமுறையில் காணப்படும் மிகப் பெரிய வீண் கதிர்வீச்சு என்பது என் உறுதியான கருத்து.

பட்டனை அழுத்துவதற்கு முன்பு

பிழைகளில் கணிசமான பகுதியை நோயாளி மேசையில் படுக்கும் வேளையிலேயே தடுத்துவிடலாம். கருவியின் அன்றாட வெப்பமூட்டலும் காற்று அளவீடும் (வெறும் காற்றை ஸ்கேன் செய்து டிடெக்டரைச் சரிபார்ப்பது) நாளின் முதல் நோயாளிக்கு முன் முடிந்திருக்க வேண்டும். கேன்ட்ரியின் (நோயாளி உள்ளே செல்லும் வளையத்தின்) உட்புறத்தில் கதிர் வெளிவரும் மெல்லிய பிளாஸ்டிக் சாளரத்தை விளக்கொளியில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். முந்தைய ஊசியின்போது தெறித்த கான்ட்ராஸ்ட் துளி அங்கே காய்ந்து ஒட்டியிருந்தால், வெறும் கண்ணுக்கு லேசான பிசுக்காகவே தெரியும். ஆனால் அதிலுள்ள அயோடின், தொடர்ந்து வரும் நோயாளிகளின் படங்களில் விளக்க முடியாத கீற்றுகளையும் கறைகளையும் உண்டாக்கும். ஈரத்துணியால் துடைப்பதோடு தீர்ந்துவிடும் இந்தச் சிக்கலுக்காகக் கருவியின் பழுதுபார்ப்பாளர் அழைக்கப்பட வேண்டியதில்லை.

நகை, கொக்கி, சாவி, மின்முனைக் கம்பிகள் ஆகியவை ஸ்கேன் பகுதியிலிருந்து அகற்றப்பட வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. அதைவிட அடிக்கடி மறக்கப்படுவது கைகளின் நிலை. மார்பு அல்லது வயிற்று ஸ்கேனில் கைகள் பக்கவாட்டில் கிடந்தால், கைகளின் எலும்புகளுக்கு இடையே குறுக்குவாட்டில் கருங்கீற்றுகள் ஓடி, கல்லீரலையும் மண்ணீரலையும் மறைக்கும். விபத்தில் சிக்கியவரின் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்க முடியாதபோது, இரு கைகளையும் வயிற்றின்மேல் ஒரே மட்டத்தில் வைக்காமல், ஒன்றை உயர்த்தியும் மற்றொன்றை மடித்தும் வைத்தால் கீற்றின் கடுமை சற்றுக் குறையும்.

உடலை கேன்ட்ரியின் மையத்தில் நிறுத்துவதும் அழகுக்காக அல்ல. எக்ஸ் கதிர்க் குழாயின் முன் இருந்து கற்றையை ஓரங்களில் குறைக்கும் போ-டை வடிகட்டி, உடல் மையத்தில் இருக்கிறது என்ற கணக்கிலேயே வடிவமைக்கப்பட்டுள்ளது; மின்னோட்டத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடும் முன்னோட்டப் படத்தின் அளவை நம்பியே இயங்குகிறது. குழாய் மேலே இருக்கும் முன்னோட்டப் படத்தில் நோயாளி மையத்துக்கு மேலே இருந்தால், குழாய்க்கு அருகில் வந்த உடல் பெரிதாகத் தெரியும். கருவியும் தேவைக்கு மேல் கதிர்வீச்சைக் கொடுக்கும். கீழே இருந்தால் இரைச்சல் கூடும்.

மூச்சடக்கும் பயிற்சியை ஸ்கேனுக்கு முன்பே ஒருமுறை செய்து பார்க்க வைப்பது நல்லது. நுரையீரல் தமனிப் படத்துக்கு மிக ஆழமாக மூச்சை இழுக்கச் சொல்ல வேண்டாம். அப்படி இழுக்கும்போது கான்ட்ராஸ்ட் கலக்காத ரத்தம் கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது இதயத்துக்குள் திடீரென நிறைந்து, தமனியில் மருந்தின் அடர்த்தி நடுவழியில் சரிந்துவிடும். சாதாரணமாக மூச்சு விட்டு, இடையில் நிறுத்தினாலே போதும்.

கதிரின் இயல்பால் வரும் பிழைகள்

எக்ஸ் கதிரில் பல ஆற்றல்களைக் கொண்ட ஃபோட்டான்கள் கலந்திருக்கின்றன. அடர்ந்த எலும்பின் வழியே செல்லும்போது குறைந்த ஆற்றல் கொண்டவை முதலில் உட்கவரப்பட, எஞ்சிய கற்றையின் சராசரி ஆற்றல் உயர்ந்துவிடுகிறது. இந்தக் கடினமாதலால், இரு அடர்ந்த பொருள்களுக்கு இடையே உள்ள பகுதி உண்மையைவிடக் கருமையாகக் காட்டப்படுகிறது. தலை ஸ்கேனில் இரு காதுப்புற எலும்புகளுக்கும் நடுவே, மூளைத்தண்டின் குறுக்கே ஓடும் கரும்பட்டை இதற்கு மிகப் பழக்கமான உதாரணம். மூளைத்தண்டில் ரத்த ஓட்டக் குறைவோ என்று ஐயம் எழும் ஒவ்வொரு முறையும் அந்தக் கருமை எலும்பிலிருந்து எலும்புக்கு நேர்கோடாகச் செல்கிறதா, மூளைத்தண்டின் எல்லையைத் தாண்டியும் நீள்கிறதா என்று பார்க்க வேண்டும். நோய் உடற்கூற்றின் எல்லைகளுக்குக் கட்டுப்படும். பிழை அவற்றைப் பொருட்படுத்தாது. மெல்லிய ஸ்லைஸில் எடுத்துப் பின் சேர்த்துத் தடிப்பாக்கினால் இந்தப் பட்டை குறையும். ஐயம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

இதே கடினமாதலும் அதற்காகக் கருவி செய்யும் திருத்தமும் சிறுநீரகத்தில் வேறொரு வேடம் போடுகின்றன. கான்ட்ராஸ்ட் ஏறிப் பளிச்சிடும் சிறுநீரகத் திசுவுக்குள் புதைந்திருக்கும் சிறிய நீர்க்கட்டி, உண்மையில் மருந்தை ஏற்காதபோதும் 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு மேல் அடர்த்தி கூடியதாகக் காட்டலாம். 10க்கும் 20க்கும் இடைப்பட்ட உயர்வை, குறிப்பாகக் கட்டி ஒரு செ.மீ. அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும்போது, திடக்கட்டி என்று உடனே முடிவு கட்டக் கூடாது. அல்ட்ராசவுண்டோ, இரட்டை ஆற்றல் சி.டி.யின் அயோடின் படமோ, எம்.ஆர்.ஐ.யோ இங்கே தீர்ப்புச் சொல்லும்.

கான்ட்ராஸ்ட் ஊசியேற்றும் சிரையில் மருந்து அடர்த்தியாகத் தேங்கும்போது மேற்பெருஞ்சிரையிலிருந்து கீற்றுகள் கதிர்களாய்ப் பிரிந்து அருகிலுள்ள வலது நுரையீரல் தமனியின் மேல் விழும். அவற்றை ரத்தக்கட்டியாகப் படித்துவிடும் அபாயம் உண்டு. மருந்தைத் தொடர்ந்து உப்புநீர் செலுத்துவதும், கீழிருந்து மேலாக ஸ்கேன் செய்வதும் இதைக் குறைக்கும்.

தோள், இடுப்பு போன்ற அகன்ற பகுதிகளில் குறுக்குவாட்டில் செல்லும் கதிர்களில் டிடெக்டரை அடைபவை மிகச் சொற்பம். ஃபோட்டான் பஞ்சத்தால் வரும் இந்தக் கிடைமட்டக் கீற்றுகளுக்கு, கோணத்துக்கேற்ப மின்னோட்டத்தை மாற்றும் வசதியை இயக்குவதும் தோள்களைக் கீழிறக்குவதும் நல்ல மருந்து.

ஒரே வாக்ஸலுக்குள் இரு வேறு திசுக்கள் இருந்தால் கருவி சராசரியைத்தான் காட்டும். 40 அலகு உள்ள கல்லீரலும் −100 அலகு உள்ள கொழுப்பும் பாதிப் பாதியாக இருந்தால் −30 என்று பதிவாகும்; அப்படி ஒரு திசு அங்கே இல்லவே இல்லை. மல்டிஸ்லைஸ் கருவியின் மெல்லிய ஸ்லைஸ்கள் பெருமளவு ஒழித்த பழைய பிழை இது. தடித்த படத்தில் ஐயம் வந்தால் மெல்லிய படத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் மட்டுமே தேவை.

உலோகம்

இடுப்பு மாற்று மூட்டு, முதுகெலும்புத் திருகு, பல் அடைப்பு ஆகியவற்றைச் சுற்றி வரும் கீற்றுகளில் மேலே சொன்ன கடினமாதல், ஃபோட்டான் பஞ்சம், பகுதிச் சராசரி ஆகிய எல்லாமே ஒன்றுகூடுகின்றன. டைட்டானியத்தைவிடத் துருப்பிடிக்காத எஃகும் கோபால்ட்-குரோமியமும் கடுமையான கீற்றுகளைத் தரும். முடிந்தால் நோயாளியின் நிலையை மாற்றி உலோகத்தின் மிகக் குறுகிய குறுக்குவெட்டு கதிர்த்தளத்தில் வருமாறு செய்ய வேண்டும். வாய்ப்பகுதிக்கு, வழக்கமான ஸ்கேனோடு வாயைத் திறந்தோ தலையைச் சாய்த்தோ குறுகிய இரண்டாவது ஸ்கேன் எடுப்பது பல நேரங்களில் நாக்கின் பின்பகுதியைக் காப்பாற்றும். கே.வி.யை 140க்கு உயர்த்துவது, பிட்ச்சைக் குறைப்பது, மென்மையான கெர்னலில் சற்றுத் தடிப்பாக மறுகட்டமைப்பது ஆகியவை அடுத்த படிகள். எலும்பு விண்டோவைவிடவும் அகலமான விண்டோவில் (திரையில் காட்டும் அடர்த்தி வரம்பில்) பார்த்தால் உலோகத்தை ஒட்டிய எலும்பு ஓரளவு தெரியும்.

இரட்டை ஆற்றல் கருவிகள் தரும், ஒற்றை உயர் ஆற்றலில் எடுத்தது போன்ற படங்களும், உலோகக் கீற்றைக் குறைக்கும் மென்பொருளும் இன்று பரவலாக உள்ளன. முன்னதில் கீற்று குறையும்போது மென்திசுக்களின் வேறுபாடும் அயோடினின் பளிச்சும் கூடவே மங்கும். பின்னது, அழிந்த தரவை ஊகத்தால் நிரப்புகிறது. அதனால் உலோகத்தை ஒட்டிய எலும்பு அரிக்கப்பட்டது போன்ற புதிய போலித்தோற்றத்தைத் தானே உருவாக்கக்கூடும். திருத்திய படத்தை மட்டும் அனுப்பி, திருத்தாத படத்தை அழித்துவிடுவது தவறு. இரண்டையும் அருகருகே வைத்தே படிக்க வேண்டும்.

அசைவு

அசைவுப் பிழைகளில் மிகுந்த கவனத்துக்குரியது ஏறுமுகப் பெருநாடியில் தெரிவது. இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் பெருநாடியின் வேர் இழுபட்டுத் திரும்புகிறது. இ.சி.ஜி. இணைக்காமல் எடுத்த படத்தில், இந்த அசைவு பெருநாடிச் சுவரை ஒட்டிப் பிறை வடிவிலான இரட்டைக் கோடாகப் பதிந்து, உட்சுவர் கிழிந்து பிரிந்துவிட்டது போன்ற தோற்றத்தைத் தரும். அக்கோடு பெரும்பாலும் பெருநாடியின் இடது முன்புறத்திலும் வலது பின்புறத்திலும் தெரியும், ஓரிரு செ.மீ. நீளத்தில் மறைந்துவிடும், பெருநாடி வளைவுக்குள் தொடராது. அருகிலுள்ள நுரையீரல் தமனியின் சுவரும் அதே மட்டத்தில் இரட்டிப்பாகத் தெரிகிறதா, நெடுக்குவாட்டுப் படத்தில் சுவரின் விளிம்பு பல் பல்லாக இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான பிளவு பல ஸ்லைஸ்களில் தொடர்ந்து, கிளை நாளங்களை நோக்கிப் போகும். இருந்தும் ஐயம் எஞ்சினால், இ.சி.ஜி. இணைத்து அந்தக் குறுகிய பகுதியை மட்டும் மீண்டும் எடுப்பது, தேவையில்லாமல் ஒருவரின் நெஞ்சைத் திறப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய விலை. பெருநாடிப் பிளவு என்று ஐயப்பட்டு வருபவருக்கு முதலிலேயே இ.சி.ஜி. இணைத்து எடுப்பதே இன்னும் சிறந்தது.

இதயத் தமனிகளுக்குக் காலப் பிரிதிறனே (ஒரு படத்தைப் பதிய ஆகும் நேரத்தின் குறுமையே) எல்லாம். படம் ஒன்றுக்கு அரைச் சுழற்சித் தரவு தேவை என்பதால், 0.35 விநாடிச் சுழற்சியில் அது 175 மில்லி விநாடி. இரு குழாய்கள் கொண்ட கருவியில் 0.33 விநாடிச் சுழற்சிக்கு ஏறத்தாழ 83 மில்லி விநாடி. ஒற்றைக் குழாய்க் கருவியில் துடிப்பை மருந்தின் துணையோடு நிமிடத்துக்கு 60 முதல் 65க்குக் கீழே கொண்டுவருவது இதனால்தான். துடிப்பு ஒழுங்கற்றிருந்தால், அடுத்தடுத்த துடிப்புகளில் சேகரித்த பட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல், தமனி நடுவில் வெட்டி நகர்த்தியது போல் படியாகத் தெரியும். அந்தப் படி தமனியில் மட்டுமன்றி நெஞ்செலும்பிலும் தோல் விளிம்பிலும் தெரிந்தால் காரணம் மூச்சு. இதயத்தில் மட்டும் தெரிந்தால் துடிப்பு. இந்த ஒரே சோதனை, அடுத்து மாற்ற வேண்டியது மூச்சுக் கட்டளையா, மறுகட்டமைக்கும் துடிப்புக் கட்டமா என்று சொல்லிவிடும். சுண்ணாம்புப் படிவுகளும் ஸ்டென்டும் உண்மையைவிடப் பருத்துத் தெரிவதால், அடைப்பின் அளவு மிகையாக மதிப்பிடப்படுவதையும் நினைவில் கொள்ள வேண்டும். கூர்மையான கெர்னலும் அகன்ற விண்டோவும் இங்கே உதவும்.

நுரையீரல் தமனிப் படத்தில், மூச்சசைவால் மங்கிய சிறு தமனி, ரத்தக்கட்டி அடைத்தது போலக் கருத்துத் தெரியும். நுரையீரல் விண்டோவுக்கு மாற்றிப் பார்த்தால் அதே நாளம் விரித்த சிறகுபோல் இருபுறமும் இரட்டித்துத் தெரியும். அப்படித் தெரியும் மட்டத்தில் ரத்தக்கட்டி என்று முடிவெடுப்பதை நிறுத்தி வைக்க வேண்டும்.

மல்டிஸ்லைஸுக்கே உரிய பிழைகள்

ஹெலிக்கல் படங்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்கும்போது, விலா எலும்பு அல்லது மண்டையோட்டு அடித்தளம் போன்ற, நீளவாக்கில் திடீரென மாறும் அடர்ந்த பொருளின் விளிம்பிலிருந்து கருப்பும் வெள்ளையுமாகக் கீற்றுகள் கிளம்பி, காற்றாலையின் இறகுகள்போல் சுழல்வதைக் காணலாம். ஒரு நிலைப்படத்தில் இது வெறும் கீற்றாகவே தெரியும். உருட்டினால்தான் சுழற்சி புலப்படும். மண்டையோட்டின் அடியில் இது மெல்லிய ரத்தக்கசிவாகவும், கல்லீரலின் உச்சியில் சிறு புண்ணாகவும் நடிக்கும். நீளவாக்கில் மாதிரி எடுக்கும் அடர்த்தி போதாததே காரணம் என்பதால் பிட்ச்சைக் குறைப்பது நேரடித் தீர்வு. ஸ்கேன் முடிந்துவிட்டதென்றால், டிடெக்டரின் அகலத்தைவிடத் தடித்த ஸ்லைஸாக மறுகட்டமைத்தால் கீற்றுகள் கணிசமாக அடங்கும். கதிர்க்குவியத்தை (குழாயில் கதிர் பிறக்கும் புள்ளியை) நீளவாக்கில் மாறி மாறி நகர்த்தும் வசதி உள்ள கருவிகளில் இது இயல்பாகவே குறைவு.

கற்றை அகலமாகும்போது வெளிவரிசை டிடெக்டர்களை அடையும் கதிர்கள் உடலைச் சாய்வாகக் கடக்கின்றன; எதிரெதிர்த் திசையிலிருந்து வரும் கதிர்கள் ஒரே திசுவைக் கடப்பதில்லை. இதனால் வரும் கூம்புக்கற்றைப் பிழை, படத்தொகுப்பின் நடுவில் ஏறத்தாழ இல்லாமலும், இரு ஓரங்களில் தெளிவாகவும் இருக்கும். விலா எலும்புகளையும் முதுகெலும்பின் தட்டுகளையும் ஒட்டி நிழல் படர்ந்தது போல் தோன்றும். 16 செ.மீ. அகலத்தை ஒரே சுழற்சியில் எடுக்கும்போது முக்கிய உறுப்பை நடுவில் வைப்பதும், சிறிய உறுப்புக்குச் சிறிய அகலத்தைத் தேர்ந்தெடுப்பதும் நம் கையில் உள்ளன. எஞ்சியதை மறுகட்டமைப்பு நிரல் பார்த்துக்கொள்கிறது.

மறுவடிவமைத்த தளங்களில் சாய்ந்த விளிம்புகள் படிக்கட்டாகத் தெரிந்தால், மெல்லிய ஸ்லைஸை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு மீண்டும் மறுகட்டமைத்தால் போதும். மையத்திலிருந்து விலகிய பகுதிகளில் வெளிறியும் அடர்ந்தும் மாறி மாறி வரும் மெல்லிய வரிகள், ஹெலிக்கல் இடைக்கணிப்பில் இரைச்சல் சீராகப் பரவாததால் வருபவை; அவை வாசிப்பைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை.

வட்டங்கள் தெரிந்தால் ஐயம் கொள்ள வேண்டியது டிடெக்டரின் மேல். சுழற்சி மையத்தைச் சுற்றிய முழு வட்டமாகவோ, ஹெலிக்கலில் சில ஸ்லைஸ்களில் மட்டும் தெரியும் வில்லாகவோ அவை வரும். மையத்திலேயே விழும் வட்டம் ஒரு சிறு கறையாகச் சுருங்கி, மூளைத்தண்டு மையத்தில் இருக்கும் தலை ஸ்கேனில் புண்போல் தெரியக்கூடும் என்பதே இதில் உள்ள ஆபத்து. காற்று அளவீட்டை மீண்டும் செய்து, நீர் நிரம்பிய சோதனை உருளையை ஸ்கேன் செய்து பாருங்கள். வட்டம் அங்கும் இருந்தால் நோயாளிகளை எடுப்பதை நிறுத்திவிட்டுப் பராமரிப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

உடலின் ஒரு பகுதி ஸ்கேன் புலத்துக்கு வெளியே போய்விட்டால், எல்லையை ஒட்டிய திசு செயற்கையாக வெண்மையாகும். பெரும்பாலான கருவிகளில் இந்தப் புலம் 50 செ.மீ. விட்டம் கொண்டது, பருமனானவர்களிடம் எல்லையருகே அடர்த்தி அளப்பதை நம்பக் கூடாது.

நோயாளி மேசையை விட்டு இறங்குவதற்கு முன்பு

கன்சோலில் முதல் படங்கள் வந்ததும் சில கேள்விகளுக்கு விடை தேடுங்கள். ஐயத்துக்குரிய கோடு உடலின் எல்லையைத் தாண்டி வெளியிலுள்ள காற்றிலும் தொடர்கிறதா? வேறு இரு தளங்களிலும் அது அதே இடத்தில், அதே உருவத்தில் இருக்கிறதா? இன்னொரு கான்ட்ராஸ்ட் கட்டத்திலோ முந்தைய ஸ்கேனிலோ தெரிகிறதா? கெர்னலையும் தடிமனையும் மாற்றினால் உருமாறுகிறதா? அதன் அருகே உலோகமோ, அடர்ந்த எலும்போ, துடிக்கும் உறுப்போ உள்ளதா? இவற்றுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே சேகரித்த தரவிலிருந்தே விடை கிடைத்துவிடும். மீண்டும் கதிர்வீச்சு கொடுப்பது கடைசி வழி. அப்படிக் கொடுக்க நேர்ந்தாலும், ஐயமுள்ள அந்தச் சில செ.மீ. மட்டும் போதும்.

மூலத்தரவு கருவியின் வட்டில் நிலையாக இருப்பதில்லை. இடம் தேவைப்படும்போது பழையது அழிந்து புதியது பதியும். படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால், மறுநாள் வேறு துடிப்புக் கட்டத்திலோ வேறு கெர்னலிலோ படம் கேட்கப்படும்போது தரவே இருக்காது. ஐயம் உள்ள ஸ்கேனின் மூலத்தரவை அழியாதபடி உடனே பூட்டி வைத்துவிட்டு, படத்தைப் படிக்கும் மருத்துவருக்கு ஒரு குறிப்பும் எழுதுங்கள். நோயாளி ஸ்கேனின் நடுவில் இருமினார், இடது கையைத் தூக்க முடியவில்லை, துடிப்பு ஒழுங்கற்றிருந்தது என்ற அளவில் அந்தக் குறிப்பு இருந்தால் போதும். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது வேறு எந்த வழியிலும் தெரியவராது.